வியாழக்கிழமை ஊசி

முதல் பஸ். தளியிலிருந்து ஓசூர். வெறும் வயிறு.

பத்து மணிக்குள் ரத்தம் கொடுத்தாக வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் ஏறி நிற்கும், பொழுது சாயச் சாய இறங்கும். மதியம் எடுத்த ரிப்போர்ட்டை டாக்டர் கையில்கூட வாங்குவதில்லை.

பேளகொண்டப்பள்ளி விமான ஓடுபாதைப் பக்கம் ஒரே பனி. கம்பிவேலி மட்டும் தெரிந்தது.

போன தடவை நைட் ஷிப்ட் முடித்து நேராக லேபுக்குப் போய்விட்டேன்.

"ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?"

"இன்னும் தூங்கலை சார்."

ரிப்போர்ட்டை மடித்து ஓரமாக வைத்தார். "ஒரு வாரம் ராத்திரியில தூங்குங்க. அப்புறம் எடுங்க."

கடிகாரத்தில் காலை ஏழரை. உடம்புக்கு அது காலை இல்லை.

இரண்டு தடவை எடுத்தார்கள். இரண்டு வேறு காலைகள். 162. 148.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாருக்கும் இந்த ஊசியை ஆரம்பிக்கக் கூடாது. இதை எனக்கு முதலில் ஊசி போட்ட இடத்தில் யாரும் சொல்லவில்லை. ஒரே ஒரு மாலை ரிப்போர்ட். அன்றைக்கே ஊசி.

நூறு மில்லி ரத்தத்தில் இத்தனை நானோகிராம் என்று கணக்கு. 300-க்குக் கீழே போனால் குறைவு என்கிறார்கள். சில இடங்களில் 264 என்று கோடு போடுகிறார்கள்.

நாங்கள் கம்பெனியில் மைக்ரானுக்காகச் சண்டை போடுகிறவர்கள். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நானோகிராம் என்றால் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நூறு கோடியில் ஒரு பங்கு கூடினால் குறைந்தால் ஒரு மனுஷன் வீட்டில் தட்டை வீசுகிறான், அல்லது கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்.

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே மத்திகிரி வந்துவிட்டது.

ரிப்போர்ட்டில் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோனும் எக்கச்சக்கம். டாக்டர் பேப்பரைத் திருப்பிக் காட்டினார். "மூளைக்கு அடியில இருந்து ஆர்டர் மேல ஆர்டர் போயிட்டிருக்கு. கீழ உற்பத்தி நின்னு போச்சு."

பிறகு கேட்டார்: "சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?"

பதினேழு வயது. ஐடிஐ ஹாஸ்டல். இரண்டு கன்னமும் வீங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டாள். பொன் போட்டால் வீக்கம் இறங்கும் என்று நம்பிக்கை. கன்னத்துக்கு வேப்பிலை அரைத்துப் பூசினாள்.

கன்னம் வாடுகிற நேரத்தில் கீழே வீக்கம். கடுங்காய்ச்சல். நடக்க முடியவில்லை. காலில் சுளுக்கு என்று சொன்னேன். அம்மா காலுக்கு எண்ணெய் தடவினாள்.

பத்து நாளில் வற்றிவிட்டது.

வற்றிவிட்டது என்று எழுதும்போது கை நிற்கிறது. அன்றைக்கு அது நல்ல சொல்லாக இருந்தது.

வயதுக்கு வந்த ஆண்களில் பொன்னுக்கு வீங்கி வந்த நூறு பேரில் 15 முதல் 30 பேருக்கு விதைப்பையிலும் வீக்கம் வருமாம். பெரும்பாலும் ஒரு பக்கம்தான். எனக்கு இரண்டு பக்கமும்.

அரசுத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஊசி இருக்கிறது. பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. எம்எம்ஆர் என்று தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

தங்கை மகனுக்குப் போட்டாயிற்றா? இன்றைக்கே கேள்.

எங்கள் வீட்டில் தெலுங்கு. கடையில் கன்னடம். நோட்டில் தமிழ். விதைப்பை என்ற சொல்லை மூன்றிலும் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. டாக்டர் முன்னால்தான் முதல் தடவை.

கல்யாணமாகி ஏழு வருடம். மனைவிக்கு எத்தனை ஸ்கேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்து. குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரே. வயிற்றில் துளை போட்டு ஒரு தடவை. மாத்திரை கணக்கே இல்லை. சந்திரசூடேஸ்வரர் மலைக்கு வெறுங்காலோடு எத்தனை பிரதோஷம்.

எனக்கு ஒரு பரிசோதனைகூட இல்லை.

ஏழாம் வருடம் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். மறுநாளே விடை வந்துவிட்டது. பூஜ்யம்.

அவள் அன்றைக்கு அழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நெடுநேரம் தூங்கினாள். அவளை அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

எனக்கு எண்ணிக்கை முன்னமே பூஜ்யம். அதனால் ஊசியால் இழக்க ஒன்றும் இல்லை. ஆனால் மற்றவர்களுக்கு அப்படி இல்லை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் மூளை ஆர்டரை நிறுத்திவிடும். ஆர்டர் நின்றால் விந்தணு உற்பத்தியும் நிற்கும். இதை வைத்தே ஆண்களுக்குக் கருத்தடை ஊசி செய்ய முடியுமா என்று உலக சுகாதார நிறுவனம் சோதித்திருக்கிறது. வாரம் 200 மில்லிகிராம். அந்த ஆராய்ச்சி வெளியானது 1990.

கருத்தடைக்குச் சோதித்த மருந்தை, குழந்தைக்காகக் காத்திருக்கிற பையன்கள் ஆண்மைக்கு என்று போட்டுக்கொள்கிறார்கள்.

கல்யாணமான பையன் ஊசி ஆரம்பிக்குமுன் இந்த ஒரு வரியை யாராவது அவனிடம் சொல்ல வேண்டும். குழந்தை வேண்டும் என்றால் வழி வேறு. ஹெச்சிஜி என்று வேறு ஊசி இருக்கிறது. டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஓசூர் பஸ் நிலையப் பக்கம் சுவரெல்லாம் நோட்டீஸ். மாதத்தில் எந்தத் தேதி, எந்த லாட்ஜ், எத்தனாம் நம்பர் ரூம். பரம்பரை வைத்தியர். ஆண்மைக் குறைவுக்கு உத்தரவாதம்.

இப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. நோட்டீஸ் ஈரம் காயாமல் இருக்கிறது.

ஆண்மை. இந்த ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை பேர் இருபது வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்கள். நானோகிராம் என்று சொன்னால் யாருக்கும் வெட்கம் வராது.

இந்த டாக்டரிடம் முதல் ஊசி. 250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட். மூன்று வாரத்துக்கு ஒன்று.

அன்று ராத்திரியே ஏதோ ஆகிவிடும் என்று காத்திருந்தேன். விடிய விடிய முழித்திருந்தேன்.

பிரௌன் செக்வார் என்று ஒரு பெரிய விஞ்ஞானி. பாரீஸ், 1889. எழுபத்திரண்டு வயது. நாய், கினிப்பன்றி இவற்றின் விதைகளை அரைத்துச் சாறெடுத்துத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். பலம் திரும்பிவிட்டது, மாடிப்படி ஏற முடிகிறது என்று சபையில் சொன்னார். தண்ணீரில் எடுத்த சாறு அது. இந்த ஹார்மோன் தண்ணீரில் கரைவதே அரிது. அவர் உடம்புக்குள் போனதில் அநேகமாக ஒன்றுமே இல்லை.

பொய் சொல்லவில்லை அவர். அவருக்கு நிஜமாகவே பலம் வந்திருக்கிறது.

என் முதல் வாரத்து உற்சாகத்தில் மருந்து எவ்வளவு, நான் எவ்வளவு?

இந்த ஹார்மோன் எண்ணெயில்தான் கரையும். அதனால் எண்ணெய் ஊசி. எந்த எண்ணெய் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனந்தேட்டை நல்லெண்ணெயிலும் கரைக்கிறார்கள், ஆமணக்கெண்ணெயிலும் கரைக்கிறார்கள். சஸ்டனான் என்ற இன்னொரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி கடலை எண்ணெயில். கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதைப் போடக் கூடாது. பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற அன்டெகனோவேட், 1000 மில்லிகிராம், நாலு மில்லி ஆமணக்கெண்ணெயில்.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஆமணக்கெண்ணெய். அம்மாவின் அடுப்படி அலமாரி.

ஹார்மோனை அப்படியே போட்டால் சீக்கிரம் கரைந்து போய்விடும். அதனால் அதற்கு ஒரு கொழுப்பு வால் ஒட்ட வைக்கிறார்கள். தசைக்குள் எண்ணெய்த் துளியாகத் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ரத்தத்துக்கு வந்ததும் உடம்பு வாலை வெட்டி எடுத்துவிடும். எனந்தேட்டின் வாலில் ஏழு கரி அணு. அன்டெகனோவேட்டில் பதினொன்று. வால் நீண்டால் நாள் நீளும்.

குளிர்காலத்தில் தளியில் எண்ணெய் தடித்துப்போகும். வெள்ளைக்காரன் இந்த ஊரைக் குட்டி இங்கிலாந்து என்று சொன்னது இந்தக் குளிருக்காகத்தான். சிஸ்டர் ஆம்பியூலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் மூடி வைத்திருக்கச் சொன்னார். தடித்த ஊசியில் உறிஞ்சி, சன்ன ஊசி மாட்டி, மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு நாளைக்கு உட்கார முடியாது.

"அவசரம் வேணாம்ண்ணா. எண்ணெய் அதுவா போவட்டும்."

முதல் வாரம்: முகத்தில் பரு. தூக்கம் நாலு மணி நேரம். பசி. ஷிப்டில் இரண்டு பேரைத் திட்டினேன். ஆசை இருந்தது.

இரண்டாம் வாரம்: நல்ல நாட்கள். நானா இது?

மூன்றாம் வாரம்: ஒன்றும் இல்லை. உள்ளங்கை வேர்வை. கேஜ் ரூமில் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன்.

மறுபடி ஊசி. மறுபடி பரு.

எனந்தேட் போட்டால் நாலரை நாளில் பாதி கழிந்துவிடும். இன்னொரு நாலரை நாளில் அதிலும் பாதி. இருபத்தோராம் நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தைந்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

கம்பெனியில் புதுப் பையன். சிஎன்சியில் ஸ்லீவ் ஓட்டுகிறான். ஒரு பீஸ் நாலு மைக்ரான் கூட வந்தது. உடனே ஆஃப்செட்டை நாலு குறைத்தான். அடுத்தது மூன்று குறைவு. உடனே மூன்று கூட்டினான். மத்தியானத்துக்குள் ரிஜெக்ஷன் பெட்டி நிறைந்துவிட்டது.

"மிஷினைத் தொடாதே தம்பி. அஞ்சு பீஸ் வரட்டும். அஞ்சையும் அளந்துட்டு என்கிட்ட வா."

காலையில் ஓசூர்க் குளிரில் ஸ்பிண்டில் சூடேறும்வரை வருகிற பீஸ் எதையும் நம்பக் கூடாது. இதை யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை.

ட்ரெயினிங்கில் டெமிங்கின் புனலைக் காட்டினார்கள். மேஜையில் ஒரு புள்ளி. மேலே புனல். கோலிக்குண்டைப் போட்டுக்கொண்டே இரு. புனலை அசைக்காமல் போட்டால் குண்டுகள் புள்ளியைச் சுற்றி ஓரளவு சிதறும். ஒவ்வொரு குண்டும் எவ்வளவு விலகியது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் புனலை நகர்த்திக்கொண்டே போட்டால் சிதறல் குறையாது. புள்ளியியல் கணக்கில் அது இரட்டிப்பாகும்.

நான்தான் அன்றைக்குக் குண்டு போட்டேன். ஐம்பது தடவை.

மூன்றாம் வாரத்துச் சோர்வைத் தாங்க முடியாமல் மெடிக்கல் கடையில் கேட்டேன். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அட்டவணை ஹெச்.

"போட்டுக்கங்கண்ணா. ஜிம் பசங்க வாரத்துக்கு ரெண்டு போடறாங்க."

பன்னிரண்டாம் நாள் போட்டேன். அடுத்தும் பன்னிரண்டாம் நாள். அடுத்தது பத்தாம் நாள். அவளிடம் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை.

இப்போது எழுதுகிறேன்.

நாலு மாதத்தில் முகம் சிவந்து கிடந்தது. தலைபாரம். குனிந்தால் காதில் இரைச்சல். ஊரில் எல்லோரும் சொன்னார்கள்: "ஆளே பளபளன்னு ஆயிட்டீங்க."

ஹெமடோக்ரிட் 55.

ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்ற கணக்கு அது. இந்த ஹார்மோன் சிவப்பணு உற்பத்தியை முடுக்கிவிடும். மூன்று மாதத்தில் தெரிய ஆரம்பிக்கும். உச்சத்துக்குப் போக ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். 54-ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்த வேண்டும். ரத்தம் குழம்பாகிவிடும். உறையலாம்.

அந்த மூன்று ஊசியை நான் மறைத்ததால் டாக்டருக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு நிமிஷம் இருக்கும். சொல்லிவிட்டேன்.

திட்டவில்லை. "இப்ப கணக்கு சரியா வருது" என்றார்.

எட்டு வாரம் ஊசி இல்லை.

அந்த எட்டு வாரத்தைப் பற்றி நோட்டில் எதுவும் இல்லை. பக்கங்கள் வெள்ளையாக இருக்கின்றன. அப்படியே இருக்கட்டும்.

டிசம்பர். ராகி முற்றி நிற்கிறது. பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைகள் இறங்கிவிட்டன. ஜவளகிரி பக்கம் கூட்டம் நிற்கிறது என்று வாட்ஸ்அப்பில் வனத்துறை எச்சரிக்கை. பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார்: "ஒத்தை ஆம்பளை. கன்னத்துல ஒழுகுது. மதம்."

மதம் பிடித்த ஆண் யானையின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மற்ற நாளைவிடப் பல மடங்கு ஏறும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் சுரப்பி வழியும். வாரக்கணக்கில் இருக்கும், மாதக்கணக்கிலும் இருக்கும். பிறகு தானாக இறங்கும். பாகர்கள் தீனியைக் குறைப்பார்கள். உடம்பு வற்றினால் மதமும் சீக்கிரம் இறங்கும். பாகர்களிடம் வேறு வைத்தியம் இல்லை. சங்கிலியும் காத்திருப்பும்தான்.

முக்கால் மணி நேரம் இருட்டில். ஒருவரும் பேசவில்லை. கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

எருது விடும் விழாவுக்கு வளர்க்கிற காளையைக் காயடிப்பதில்லை. ஏருக்குப் போகிற மாட்டைக் காயடிப்பார்கள். தாத்தாவுக்கு இந்த வித்தியாசம் கையில் இருந்தது. ஹார்மோன் என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை.

காயடித்த மறுநாளே மாடு சாதுவாகிவிடாது. "பொறு, ரெண்டு அமாவாசை போவட்டும்" என்பார்.

1849. ஜெர்மனியில் கோட்டிங்கன். பெர்த்தோல்ட் என்ற விஞ்ஞானி ஆறு சேவல் குஞ்சுகளை வைத்துக்கொண்டார். விதை எடுத்த சேவலுக்குக் கொண்டை வாடியது, கூவவில்லை. விதையைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்ததும் கொண்டை சிவந்தது, கூவியது, சண்டைக்குப் போனது.

1935. ஆம்ஸ்டர்டாம். லாக்யூரின் குழு நூறு கிலோ காளை விதையிலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் பிரித்தது. அந்தப் பெயரே அப்போதுதான் வந்தது. அதே வருடம் பூட்டனன்ட்டும் ருசிக்காவும் தனித்தனியாக அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். 1939-இல் இருவருக்கும் வேதியியல் நோபல்.

நல்ல உடம்பு ஒரு நாளைக்கு ஐந்து முதல் ஏழு மில்லிகிராம் தானே செய்துகொள்கிறது.

எனக்கு இப்போது வாரம் 100 மில்லிகிராம் எனந்தேட். வாலைக் கழித்தால் 72. ஆம்ஸ்டர்டாம் கணக்கில் ஒரு வாரத்துக்கு முக்கால் டன் காளை விதை.

சாமி.

250-லிருந்து 100-க்கு எப்படி வந்தோம் என்பதை எழுதவில்லை. எழுது.

சமையலறையில் மாதக் காலண்டர். பால் கணக்கு அதில்தான். ஒவ்வொரு தேதிக்கும் ஒன்று, ஒன்றரை என்று மனைவி பென்சிலில் எழுதுவாள். எட்டு வாரம் நின்றிருந்தபோது ஒரு நாள் பால்காரருக்குக் காசு கொடுக்கக் கூட்டிப் பார்த்தேன். சில தேதிகளில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி. சிவப்பு மை.

"இது என்ன? பால் கெட்டுப் போனதா?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க கத்தின நாளு."

முன் மாதங்களைப் புரட்டினேன். ஊசி போட்ட தேதி எனக்குத் தெரியும். போட்ட இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நாலாம் நாள். கொத்துக் கொத்தாகப் புள்ளிகள். பிறகு வெறுமை. பிறகு அடுத்த கொத்து.

நான் மறைத்துப் போட்ட மூன்று ஊசியும் அதில் இருந்தது.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டாம் நாள் என்று அல்ல. ஏதோ ஒன்று என்று.

போட்டோ எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். லேப் ரிப்போர்ட்டைவிட அதிக நேரம் அதைப் பார்த்தார். போனைக் குறுக்கே திருப்பி, விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு மாதமாக.

"மேடம் வரலையா?"

அடுத்த தடவை அவளையும் கூட்டிப் போனேன். டாக்டர் கேட்டதெல்லாம் அவளிடம்தான். தூக்கம் எப்படி, குறட்டை இருக்கா, சாப்பாடு எப்படி. அவள் கன்னடத்தில் பதில் சொன்னாள். டாக்டர் வேகமாக எழுதிக்கொண்டார்.

பெரிய ஊசியை மூன்று வாரத்துக்கு ஒன்று என்பதை விட்டு, சின்ன ஊசி, வாரா வாரம். வியாழக்கிழமை. எனக்கு வார ஓய்வு.

ஆரம்பித்து ஆறு வாரம் கழிந்துதான் ரத்தம். அதற்கு முன்னால் எடுத்தால் மருந்து இன்னும் நிலைக்கு வந்திருக்காது. இரண்டு ஊசிக்கு நடுநாளில் எடுக்க வேண்டும். எனக்குத் திங்கள். ஊசி போட்ட மறுநாள் எடுத்தால் உச்சத்தைக் காட்டும். ஊசிக்கு முந்தின நாள் எடுத்தால் பள்ளத்தைக் காட்டும்.

எந்த நாள் எடுத்தது என்று எழுதாத ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் இல்லை. கேஜில் கேலிபரேஷன் தேதி இல்லாத மாதிரி.

ஜெல் இருக்கிறது. தினமும் தோளில் பூசிக்கொள்ளலாம். உச்சம், பள்ளம் குறைவு. ஆனால் பூசிய இடம் வீட்டில் பெண்கள், குழந்தைகள் மேல் படக் கூடாது. தங்கை மகன் வந்தால் முதுகில் ஏறித் தொங்குவான். வேண்டாம் என்றேன்.

முதல் ஆறு வாரத்து எண்: 430.

எனக்கு 700 வேண்டும் என்று இருந்தது. ஏன் 700? தெரியவில்லை. ரிப்போர்ட்டில் மேல் வரம்பு பெரிதாக அச்சிட்டிருக்கிறது.

"இப்படியே விடுங்க" என்றார் டாக்டர். "மூணு மாசம் தொடாதீங்க. நானும் தொடமாட்டேன்."

மிஷினைத் தொடாதே தம்பி.

அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை இங்கே ஒட்டியிருக்கிறேன்.

ஆசை: மூன்றாம் வாரம் தொடங்கி ஆறாம் வாரத்தில் நிலைக்கும்.

மனச்சோர்வு: மூன்று முதல் ஆறு வாரத்தில் விலக ஆரம்பிக்கும். முழுப் பலன் தெரிய நாலு மாதம், ஏழு மாதம்கூட.

சதை, கொழுப்பு, பலம்: மூன்று நாலு மாதத்தில் தொடக்கம். ஒரு வருடம்வரை.

எலும்பு: ஆறு மாதத்துக்குப் பிறகுதான் அளவில் தெரியும். மூன்று வருடம் போனாலும் கூடிக்கொண்டே இருக்கும்.

ஒரே மருந்து. ஒரே ஊசி. எலும்புக்கு மட்டும் மூன்று வருடம்.

எலும்புக்கு அவசரம் தெரியாது.

ஆஸ்பத்திரி வெளிவராந்தா. பக்கத்தில் ஒரு பையன். இருபத்திரண்டு இருக்கும். கையில் அதே மருந்துச் சீட்டு. திருநம்பி. கேட்காமலேயே சொன்னான்.

"மூணு மாசம் ஆச்சுண்ணா. குரல் இன்னும் உடையலை. தினமும் காலையில போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணி வெக்கறேன்."

"என்ன பேசுவ?"

"என் பேரு. புதுப் பேரு."

போனைக் காதில் வைத்துக் கேட்கக் கொடுத்தான். முதல் நாள். முப்பதாம் நாள். தொண்ணூறாம் நாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன்.

"கொஞ்சம் கனமா இருக்கு தம்பி" என்றேன். கடைசியில் இருந்தது நிஜமாகவே கொஞ்சம் கரகரத்த மாதிரிதான் இருந்தது.

குரலுக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். மீசை தாடி முழுசாக வர நாலைந்து வருடம். இதை அவன் எனக்குச் சொன்னான். விரல்விட்டு எண்ணி வைத்திருக்கிறான்.

டோஸைக் கூட்டச் சொல்லலையா என்று கேட்டேன்.

"கேட்டேன். கூட்டினா குரல் சீக்கிரம் வராது, ரத்தம்தான் சீக்கிரம் தடிக்கும்னு சொன்னாங்க."

பெயரைக் கூப்பிட்டார்கள். பழைய பெயர். எழுந்து போனான்.

மாமனார் வீட்டுப் பக்கம் பாலிஹவுஸ் ரோஜா. பிப்ரவரி 14-க்குப் பூ வேண்டும் என்றால் டிசம்பரிலேயே கொம்பு வெட்டிவிட வேண்டும். வெட்டிய கொம்பு பூவாக ஏறக்குறைய நாற்பத்தைந்து நாள். குளிர் கூடினால் சில நாள் தள்ளிப் போகும். உரத்தைக் கூட்டினால் இலைதான் கூடும், நாள் குறையாது என்கிறார் மச்சான். பன்னிரண்டு வருடமாக ரோஜா வைத்திருப்பவர்.

மச்சானுக்கு என் ஊசி பற்றித் தெரியாது.

2023-இல் இந்த ஹார்மோன் மருந்தைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி ஒன்று வந்தது. டிராவர்ஸ். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள், எல்லோரும் இதய நோய் உள்ளவர்கள் அல்லது வரும் அபாயம் உள்ளவர்கள். மாரடைப்பு, பக்கவாதம் ஊசி மருந்தா போலி மருந்தா என்பதால் கூடவில்லை. அதில் கொடுத்தது ஜெல். ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும், நுரையீரலில் ரத்தக்கட்டியும் மருந்து எடுத்தவர்களிடம் கொஞ்சம் கூடுதல்.

மேலே எழுதியதில் ஒரு திருத்தம்: "ஊசி மருந்தா" என்பது தப்பு. ஜெல் மருந்தா என்று இருக்க வேண்டும். அடிக்க மாட்டேன், அப்படியே இருக்கட்டும்.

அம்மாவிடம் சொன்னேன். மாலை. புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

பொன்னுக்கு வீங்கியால் வந்தது, என்னிடம்தான் குறை, அவளிடம் ஒன்றும் இல்லை, ஏழு வருடமும் ஒன்றும் இல்லை. தெலுங்கில் சொன்னேன். அந்தச் சொல்லையும் சொன்னேன்.

அம்மா புளியில் இருந்த கொட்டையைத் தனியாக எடுத்து வைத்தாள். இன்னொன்று. இன்னொன்று. கழுத்துச் சங்கிலியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

"கால்ல சுளுக்குன்னியேடா."

அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

மூன்று நாள் கழித்து, என் மனைவியிடம்தான் கேட்டாள், என்னிடம் இல்லை: "ஊசி என்னிக்கு?"

வியாழக்கிழமை காலை. சிஸ்டர் வருமுன் அம்மா ஆம்பியூலைக் கையில் மூடிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். வெயில் இன்னும் வரவில்லை.

ஹெமடோக்ரிட் 48. எண் 510. டோஸ் மாற்றமில்லை.

பிப்ரவரி காலண்டர்: இரண்டு புள்ளி.

மார்ச்: ஒன்று. அன்றைக்குக் கத்தியது நியாயம்தான் என்றேன். புள்ளி புள்ளிதான் என்றாள்.

தங்கை மகனுக்கு எம்எம்ஆர் போட்டாயிற்று. இரண்டாவது தவணை பாக்கி.

எலும்பு ஸ்கேன் அடுத்த வருடம்.

அடுத்த ரத்தம் ஜூன், திங்கட்கிழமை. அந்த வாரம் நைட் ஷிப்ட் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல். வெறும் வயிறு. முதல் பஸ். இரண்டு டிக்கெட்.